எந்த விமானத்தின் பாகம் இது?

பழைய பிரிட்டிஷ் விமானப் பாகம் ஒன்று கைக்கு வந்தால் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "இது ஸ்பிட்ஃபயருடையதா?" என்பதுதான். ஆசை புரிகிறது. இரண்டாம் உலகப் போர் விமானங்களில் அந்தப் பெயருக்கு உள்ள மவுசு வேறெதற்கும் இல்லை. 20,000-க்கும் மேல் கட்டப்பட்டதால் அதன் துண்டுதுணுக்குகளும் ஏராளமாக உலவுகின்றன. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால், மனம் முதலில் விடையை முடிவுசெய்துவிட்டு அதற்குத் தோதான சான்றுகளை மட்டும் பொறுக்க ஆரம்பித்துவிடும். எந்த விமானம் என்பது கடைசியாகக் கேட்க வேண்டியது. இது என்ன வேலை செய்தது, எந்த உலோகம், எந்த நாட்டு மரை, யாருடைய முத்திரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பொருந்தாதவற்றைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கழித்தது போக மிச்சம் நிற்பதுதான் விடை.

அந்த விடை பல நேரங்களில் ஒரே ஒரு விமானத்தின் பெயராக இருக்காது. "1940-களில் பிரிட்டிஷ் விமானப்படைக்காகச் செய்த மின் சுவிட்ச், பல விமானங்களில் பயன்பட்டது" என்று முடியலாம். அதுவும் முழுமையான விடைதான். அதற்கு மேல் ஒரு பெயரை ஒட்டிவைத்தால் பொருளின் விலை ஏறலாம்; வரலாறு கெட்டுப்போகும்.

இதில் இவ்வளவு கவனம் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஷார்ட் ஸ்டர்லிங் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் 2,000-க்கும் மேல் கட்டப்பட்டது. இன்று முழுதாக ஒன்றுகூட இல்லை. வெஸ்ட்லண்ட் வேர்ல்விண்ட் என்ற இரட்டை எஞ்சின் போர் விமானம் முன்மாதிரிகளையும் சேர்த்து 116. அதிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் ஆல்பிமார்ல் சுமார் 600, அதுவும் இல்லை. ஹாக்கர் டைஃபூன் 3,300-க்கும் மேல் பறந்ததில் முழுதாகத் தப்பியது ஒன்றே ஒன்று. இப்படி அற்றுப்போன விமானங்களை இன்று திரும்பக் கட்ட முயல்கிறவர்களுக்கு ஒரு கீல், ஒரு நெம்புகோல், ஒரு தாங்கி கூட அளவெடுக்க உதவும் மூலப்பொருள். ஸ்பிட்ஃபயருடையது என்ற பெயரில் யாருடைய அலமாரியிலோ கிடக்கும் துண்டு உண்மையில் ஸ்டர்லிங்குடையதாக இருந்தால், இழப்பு பெரியது.

முதல் வேலை: எதுவும் செய்யாமல் இருப்பது. பழைய உலோகத்தைக் கண்டதும் உப்புத்தாளும் கம்பி பிரஷும் தேடுகிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. விமானப் பாகத்தில் அது பெருந்தவறு. பிரிட்டிஷ் அலுமினியத் தகடுகளின் மேல் உலோக வகையின் பெயரையும் தர எண்ணையும் மையால் அச்சிட்டிருப்பார்கள். எண்பது ஆண்டுகள் கழித்தும் அது பெயின்டுக்கு அடியில் மங்கலாகத் தெரியும். ஒருமுறை தேய்த்தால் போய்விடும். பெயின்டே ஒரு சாட்சிதான். பிரிட்டிஷ் விமானங்களின் விமானி அறைக்குள் பெரும்பாலும் சாம்பல் கலந்த இளம்பச்சை அடித்திருப்பார்கள். அமெரிக்கத் தகடுகளில் மஞ்சள் தூக்கலான ஜிங்க் குரோமேட் பச்சை இருக்கும். ஜெர்மானியர்களும் பச்சை கலந்த ஒரு சாம்பலைப் பயன்படுத்தியதால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நிறத்தைச் சுரண்டி எறிந்துவிட்டால் அந்தச் சாட்சியும் போச்சு. எடுத்த நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பிறகு மண்ணை மட்டும் தண்ணீராலும் மென்மையான பிரஷாலும் நீக்குங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கேயே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். போர்க்காலக் கருவிகளின் முகப்பில் இருளில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சைப் பூசினார்கள். இன்று அந்த முகப்பு ஒளிராமல் இருப்பதைப் பார்த்து, வீரியம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒளி தருகிற ரசாயனம்தான் செத்துப்போனது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அது கிட்டத்தட்ட அன்றிருந்த அளவிலேயே உள்ளே இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றாதீர்கள். கண்ணாடி உடைந்திருந்தால் பூச்சுத் தூளைத் தொடவோ ஊதவோ கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டவே விடக்கூடாது. எடை குறைவான வார்ப்புகளை அரம் போட்டுச் சோதிப்பதும் வேண்டாம்: மெக்னீசியக் கலவையாக இருந்தால் அதன் தூள் எளிதில் தீப்பற்றும். தோட்டா, வெடிப்பொதி போலத் தெரிகிற எதையும் கையில் எடுக்காமல் காவல்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, பொருள் என்ன வேலை செய்தது என்று யோசியுங்கள். எண்களைத் தேடும் அவசரத்தில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எந்தத் துளை தேய்ந்திருக்கிறது? எங்கே கிரீஸ் காய்ந்து கிடக்கிறது? ஒரு பக்கம் வழவழப்பாகக் கடைந்தும் மறுபக்கம் வார்த்த சொரசொரப்போடும் இருந்தால், கடைந்த பக்கம் வேறொன்றோடு பொருந்தி நின்ற பக்கம். வளைந்த தகட்டின் வளைவு, அது உடற்பகுதியா இறக்கையின் முன்விளிம்பா என்று காட்டும். உடைந்த முனையைப் பாருங்கள்: பிய்ந்து சுருண்டிருந்தால் மோதலில் பிரிந்தது, நேராக அறுபட்டிருந்தால் பழைய இரும்புக் கடையின் வேலை.

விமான உடலின் சட்டகத் துண்டு கிடைத்தவர் பாக்கியசாலி. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கட்டுமான முறையை வைத்திருந்தன. எண் எதுவும் இல்லாமலேயே சில துண்டுகளை அடையாளம் காண முடியும். ஹாக்கர் நிறுவனத்தின் முறை உருண்டைக் குழாய்களால் ஆனது. ஆனால் குழாய்கள் சந்திக்கும் முனைகளில் மட்டும் அவற்றை அழுத்திச் சதுரமாக்கி, இரண்டு பக்கமும் தகடு வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். பற்றவைப்பே கிடையாது. நடுவில் உருண்டையாகவும் முனையில் சதுரமாகவும் உள்ள ஒரு குழாய், முனையில் போல்ட் துளைகளோடு கிடைத்தால், ஹரிக்கேன் பக்கம் யோசிக்கலாம். ஆனால் ஹரிக்கேனுக்கு முந்தைய ஹார்ட், ஃபியூரி போன்ற ஈரடுக்கு இறக்கை விமானங்களும் இதே குடும்பம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஸ்பிட்ஃபயரின் இறக்கையில் உள்ள முதன்மைத் தாங்குசட்டத்தை ஒருமுறை வெட்டுமுகத்தில் பார்த்தவர் மறக்க மாட்டார். மேலும் கீழும் உள்ள அதன் விளிம்புகள் தனிக் கட்டைகளாக இருக்காது. சதுரக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, அடுக்குப் பாத்திரம் போலச் செருகியிருக்கும். உடலோடு சேரும் இடத்தில் ஐந்து குழாய்கள். அங்கேதான் சுமை அதிகம். இறக்கை நுனியை நோக்கிப் போகப் போக உள்குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். துண்டின் வெட்டுமுகத்தில் எத்தனை அடுக்கு என்று எண்ணினாலே அது இறக்கையின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். எடையைக் குறைத்து வலிமையை வேண்டிய இடத்தில் மட்டும் வைக்க இவ்வளவு அழகான வழியைக் கண்டவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை.

விக்கர்ஸ் வெலிங்டன் இன்னொரு வகை. பார்ன்ஸ் வாலிஸ் வகுத்த முறையில், டூராலுமின் பட்டைகள் வளைந்து குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, வைர வடிவக் கண்களாக உடல் முழுதும் ஓடும். மேலே துணி போர்த்தியிருப்பார்கள். லேசாக வளைந்த, கால்வாய் போல மடித்த, சீரான இடைவெளியில் ஆணித்துளை உள்ள பட்டை கிடைத்தால் இந்தக் குடும்பம் என்று கொள்ளலாம். வெலஸ்லி, வார்விக் விமானங்களும் இதில் சேரும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடம் வெய்பிரிட்ஜில் உள்ள புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகம். 1940 டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கிய வெலிங்டன் ஒன்றை 1985-இல் மேலே எடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள். மரத்துண்டாக இருந்தால், இரண்டு மெல்லிய பிர்ச் பலகைகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்து ஒட்டியதா என்று பாருங்கள். டி ஹாவிலண்ட் மாஸ்கிட்டோவின் உடல் அப்படித்தான் செய்யப்பட்டது.

சட்டகம் இல்லாத சின்ன வார்ப்புகளும் கருவிகளும்தான் பெரும்பாலும் கிடைக்கும். அவற்றில் நாட்டைக் கண்டுபிடிக்க மரையைவிட நம்பகமான சாட்சி குறைவு. காரணம் எளிது: முத்திரை தேயும், பெயின்ட் உதிரும், திருகிய துளைக்குள் மரை பத்திரமாக இருக்கும். ஒரு வெர்னியர் காலிப்பரும் மரை அளக்கும் கேஜும் போதும்.

கால் அங்குல போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குல நீளத்துக்கு 20 மரை இருந்தால் விட்வொர்த். 26 இருந்தால் பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன், சுருக்கமாக பி.எஸ்.எஃப். 28 இருந்தால் யு.என்.எஃப். எனப்படும் ஒருங்கிணைந்த நுண்மரை. முதல் இரண்டும் பிரிட்டனுடையவை. மரைப் பள்ளத்தின் கோணம் 55 பாகை. மூன்றாவதன் கோணம் 60 பாகை. அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 1948-இல் உடன்பட்டு ஏற்ற ஒருங்கிணைந்த மரை இது. அமெரிக்காவின் பழைய நுண்மரையோடு பொருந்தும்படி வகுத்தது. ஆகவே பிரிட்டிஷ் முத்திரையோடு 28 மரை இருந்தால் போருக்குப் பிந்தைய தயாரிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய புல்லட் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியிருக்கிற மெக்கானிக்குகளுக்கு விட்வொர்த் ஸ்பேனரின் தொல்லை நன்றாகத் தெரியும். ஸ்பேனரில் எழுதியிருப்பது நட்டின் அகலத்தை அல்ல, போல்ட் தண்டின் விட்டத்தை. மெட்ரிக் செட்டில் எதுவும் சரியாகக் கவ்வாது. கவ்வாமல் வழுக்குவதே முதல் அறிகுறி.

கருவிகளிலும் மின்பொருள்களிலும் வேறொரு மரை வரும்: பி.ஏ., அதாவது பிரிட்டிஷ் அசோசியேஷன். கால் அங்குலத்துக்குக் குறைந்த சின்னத் திருகுகள் எல்லாம் அநேகமாக இதுதான். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரிட்டிஷ் பெயர் இருந்தாலும் இந்த வரிசையை மெட்ரிக் அளவில் வகுத்தார்கள். 0 பி.ஏ. திருகின் விட்டம் 6 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். இன்றைய எம்6 திருகுக்கும் அதே விட்டம், அதே இடைவெளி. வேறுபாடு கோணத்தில் மட்டும்: பி.ஏ.வுக்கு 47.5 பாகை, எம்6-க்கு 60. காலிப்பரை மட்டும் வைத்துப் பார்த்தவர் "மெட்ரிக் மரை, ஜெர்மன் விமானம்" என்று எழுதிவிடுவார். கோணம் காட்டும் கேஜை வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மரை பிரிட்டிஷ் என்பதாலேயே பொருள் பிரிட்டனில் செய்யப்பட்டது என்றும் ஆகிவிடாது. ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினை அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்தது. பிரிட்டிஷ் எஞ்சினோடு பாகங்கள் மாற்றிக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்பதால், அமெரிக்கத் தொழிற்சாலையிலேயே பிரிட்டிஷ் மரைகளை வெட்டினார்கள். அதற்கான வெட்டுக்கருவிகளையும் அவர்களே செய்ய வேண்டியிருந்தது. ஹரிக்கேனும் லங்காஸ்டரும் கனடாவிலும் கட்டப்பட்டன. எனவே மரை சொல்வது வடிவமைப்பு எந்த நாட்டுடையது என்பதை. செய்த இடத்துக்கு வேறு சாட்சி வேண்டும்.

இப்போது முத்திரைகளுக்கு வருவோம். சாய்வாக விழும் வெளிச்சத்தில், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வைத்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளங்கள் நிழலால் எழுந்து வரும். ஒரே வார்ப்பில் மூன்று வகைக் குறிகள் இருக்கலாம். மூன்றும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு நேரத்தில் இட்டவை. மேடாக எழும்பி நிற்கும் எழுத்துகள் வார்க்கும்போதே வந்தவை. அச்சின் எண்ணையோ வார்ப்பாலையின் பெயரையோ சொல்லும். பள்ளமாக அடித்த எழுத்துகள் கடைந்து முடித்தபின் இட்டவை. முடிந்த பாகத்தின் வரைபட எண் இதில்தான் இருக்கும். மூன்றாவது, சில மில்லிமீட்டர் அளவுள்ள சின்ன வட்டமோ எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியோ. அது ஆய்வாளரின் ஒப்புதல் முத்திரை. மேட்டு எண்ணையும் பள்ள எண்ணையும் குழப்பிக்கொண்டு தேடினால் எந்தப் பட்டியலிலும் எதுவும் கிடைக்காது. ஒரே வார்ப்பைக் கடைந்து இரண்டு மூன்று வேறு பாகங்களாக முடிப்பதும் உண்டு.

கிரீடமும் அதன் கீழே ஏ.எம். என்ற எழுத்துகளும் இருந்தால், அது பிரிட்டனின் விமானத் துறை அமைச்சகத்தின் உடைமைக் குறி. கிரீடத்தின் உருவத்தையும் உற்றுப் பாருங்கள். மேல் வளைவுகள் குவிமாடம் போல உருண்டு எழுந்தால் மன்னர் காலத்துக் கிரீடம். நடுவில் வளைவு கீழே தாழ்ந்திருந்தால் இரண்டாம் எலிசபெத் அரசியின் கிரீடம், 1950-களில் வந்தது. ஒரு நகத்தின் அளவே உள்ள கிரீடம் பொருளின் காலத்தைப் போர்க்காலத்துக்கோ ஜெட் காலத்துக்கோ தள்ளிவிடும். 1964-இல் அந்த அமைச்சகம் பாதுகாப்பு அமைச்சகத்தோடு இணைந்துவிட்டது.

ஏ.எம். முத்திரைக்கு அருகில் பெரும்பாலும் சாய்கோடு போட்ட ஓர் எண் இருக்கும். சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளது கிடங்குப் பிரிவு. பின்னால் உள்ளது அந்தப் பிரிவுக்குள் பொருளின் வரிசை எண். 6ஏ என்றால் பறத்தல் கருவிகள். 6டி என்றால் ஆக்சிஜன் சாதனங்கள். 5சி மின்பொருள்கள். 8பி குறிபார்க்கும் கருவிகள். 10-இல் தொடங்கினால் வானொலி. 14ஏ புகைப்படக் கருவிகள். 22சி விமானிகளின் உடை, தலைக்கவசம், கண்ணாடி. இந்த எண்களையெல்லாம் தொகுத்த விமானப்படை நூலின் பெயர் ஏ.பி. 1086. அதில் எண்ணைப் பிடித்துவிட்டால் பொருளின் அதிகாரப்பூர்வப் பெயரே கிடைத்துவிடும். போருக்குப் பின் வந்த பொருள்களில் நேட்டோ கிடங்கு எண் இருக்கும்: மொத்தம் 13 இலக்கம். முதல் நான்கு பொருளின் வகுப்பு, அடுத்த இரண்டு நாடு. அங்கே 99 இருந்தால் பிரிட்டன். 6610 என்று தொடங்கி அடுத்து 99 வந்தால், பிரிட்டனில் பதிவான பறத்தல் கருவி என்பதில் சந்தேகமே வேண்டாம்.

கிடங்கு எண் பொருளின் பெயரைத் தரும். விமானத்தின் பெயரைத் தராது. பிரிட்டிஷ் விமானப்படை 1930-களின் இறுதியில் ஆறு முதன்மைக் கருவிகளை ஒரே பலகையில் ஒரே வரிசையில் அமைக்கும் முறையைக் கொண்டுவந்தது. வேகமானி, செயற்கைத் தொடுவானம், ஏற்றமானி, உயரமானி, திசைகாட்டி, திருப்பமானி. ஸ்பிட்ஃபயரிலும் ஹரிக்கேனிலும் லங்காஸ்டரிலும் அதே பலகைதான். அங்கிருந்து வந்த உயரமானி ஒன்றை "லங்காஸ்டருடையது" என்று சொல்ல, அது எந்த விமானத்திலிருந்து கழற்றப்பட்டது என்ற எழுத்துச் சான்று வேண்டும். முகப்பின் அளவுகோல் மட்டும் கொஞ்சம் உதவும். அதிகபட்ச வேகம் குறைவாக எழுதிய வேகமானி பயிற்சி விமானத்துக்கானதாக இருக்கலாம். எஞ்சினுக்குள் போகும் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மானியில் நடுவே பூஜ்யமும், ஒரு பக்கம் கூட்டலும் மறுபக்கம் கழித்தலும், அலகு சதுர அங்குலத்துக்குப் பவுண்டும் இருந்தால் பிரிட்டிஷ் வழக்கம். அமெரிக்கர்கள் அதே அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டுவார்கள். அவர்களுடைய மானியில் சாதாரணக் காற்றழுத்தம் 30-ஐ ஒட்டி நிற்கும்.

விமானத்தின் பெயரை நெருங்க உதவுவது வரைபட எண்தான். சூப்பர்மரீன் நிறுவனம் ஸ்பிட்ஃபயரின் முதல் வடிவத்துக்கு உள்ளே வைத்த எண் 300. ஸ்பிட்ஃபயர் பாகங்களில் 300-இல் தொடங்கும் எண் அடிக்கடி வருவதற்குக் காரணம் அதுதான். இரண்டாம் வடிவத்துக்கு 329. ஒன்பதாம் வடிவத்துக்கு 361. பதினான்காம் வடிவத்துக்கு 379. ஆய்வு முத்திரையில் 6எஸ் என்று இருந்தால் சூப்பர்மரீன், சி.பி.ஏ.எஃப். என்று இருந்தால் பர்மிங்ஹாம் அருகே இருந்த காசில் பிராம்விச் தொழிற்சாலை. 300-இல் தொடங்கும் எண்ணும் 6எஸ் முத்திரையும் ஒரே துண்டில் இருந்தால், அப்போது "ஸ்பிட்ஃபயர்" என்று துணிந்து சொல்லலாம். ஆனால் "முதல் வடிவ ஸ்பிட்ஃபயர்" என்று சொல்லிவிடக் கூடாது. அந்த எண், பாகம் முதன்முதலில் எப்போது வரையப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. மாற்றம் தேவைப்படாத பாகத்தை 1944-இல் பறந்த ஒன்பதாம் வடிவத்திலும் அதே 300 எண்ணோடு போட்டார்கள். எதிர்த்திசையில் மட்டும் விதி உறுதியானது: 361 எண் கொண்ட பாகம் 1940-இன் பிரிட்டன் வான்போரில் பறந்திருக்க முடியாது. விற்பனைக்கு வரும் துண்டுகளில் இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பல கதைகள் உதிர்ந்துவிடும்.

இன்னொரு பொறி, ஆர்.ஆர். என்ற எழுத்துகள். வார்ப்பின் மேல் ஆர்.ஆர். 50 என்றோ ஆர்.ஆர். 53 என்றோ மேடாக எழுதியிருக்கும். பார்த்தவர் உடனே ரோல்ஸ்-ராய்ஸ் என்பார்; அடுத்த மூச்சில் மெர்லின், அதற்கடுத்து ஸ்பிட்ஃபயர். அந்த எழுத்துகள் குறிப்பது உலோகத்தை. ரோல்ஸ்-ராய்ஸ் உருவாக்கி, ஸ்லவ் நகரின் ஹை டியூட்டி அலாய்ஸ் நிறுவனம் ஹிடுமினியம் என்ற பெயரில் விற்ற அலுமினியக் கலவைகளின் வரிசை அது. யார் வேண்டுமானாலும் வாங்கி எதை வேண்டுமானாலும் வார்க்கலாம். வேறு நிறுவனங்களின் எஞ்சின்களிலும் விமானச் சக்கரங்களிலும்கூட அது வரலாம். டி.டி.டி. என்ற எழுத்துகளோடு வரும் எண்ணும் அப்படித்தான்: அது தொழில்நுட்ப மேம்பாட்டு இயக்ககம் வகுத்த பொருள் தரம், பாகத்தின் எண் ஆகாது. ஏ.ஜி.எஸ். என்று இருந்தால் எல்லா விமானங்களுக்கும் பொதுவான நட்டு, போல்ட், இணைப்பு. அதை வைத்து விமானத்தைத் தேடுவது வீண் உழைப்பு. ஏ.எச். எழுத்துகளோடு வரும் எண் டன்லப்புடையதாக இருக்கலாம். சக்கரம், காற்றழுத்த பிரேக், ஸ்பிட்ஃபயரிலும் ஹரிக்கேனிலும் இருந்த வட்ட வடிவக் கைப்பிடி ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம்.

கண்டெடுத்த இடம் தெரிந்தால் பட்டியல் சட்டென்று சுருங்கும். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 அன்று திருகோணமலையை. எதிர்த்துப் பறந்தவை ஹரிக்கேன்களும் கடற்படையின் ஃபேரி ஃபுல்மார்களும். கொழும்பு குதிரைப்பந்தயத் திடலிலிருந்து கிளம்பிய பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானியக் கப்பல்களைத் தேடிப் போயின. அந்த இரண்டு ஊர்களின் சுற்றுவட்டாரத்தில் சதுர முனைக் குழாய் கிடைத்தால் ஹரிக்கேனுக்கு முதலிடம் கொடுக்கலாம். தகட்டாலேயே வலிமை பெற்ற ஓட்டின் துண்டு என்றால் ஃபுல்மாரையும் பிளென்ஹைமையும் பார்க்க வேண்டும். மரையும் கருவியின் எழுத்தும் ஜப்பானியமாக இருந்தால் எதிர்த்தரப்பின் விமானம். எந்த வயல், எந்தக் குளம், எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறென்ன கிடந்தது என்ற குறிப்பு இல்லாமல் பொருளை மட்டும் கொண்டுபோனால் இந்த வாய்ப்பு முழுதும் வீணாகிறது.

பிரிட்டனில் இதற்குச் சட்டமும் இருக்கிறது. 1986-இல் வந்த ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ராணுவப் பணியில் இருக்கும்போது விழுந்த விமானம் எதுவாயினும் தானாகவே பாதுகாப்புக்குள் வந்துவிடும். பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் அந்த இடத்தைத் தோண்டுவதும் துண்டுகளை எடுப்பதும் குற்றம். விழுந்த விமானத்தோடு விமானிகளின் உடல் எச்சங்களும் வெடிக்காத குண்டுகளும் மண்ணுக்குள் இருக்கலாம் என்பதால் அந்தக் கடுமை சரியானதென்றே நினைக்கிறேன்.

எல்லாம் பார்த்தும் பெயர் பிடிபடாவிட்டால் அறிந்தவர்களிடம் கேட்கலாம். ஹெண்டனிலும் காஸ்ஃபோர்டிலும் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம், டி ஹாவிலண்ட் விமானங்களுக்கென லண்டன் கோல்னியில் உள்ள அருங்காட்சியகம், டக்ஸ்ஃபோர்டில் உள்ள போர் அருங்காட்சியகக் கிளை என்று இடங்கள் பல. அனுப்பும் படத்தில் ஓர் அளவுகோல் பொருளை ஒட்டி இருக்கட்டும். ஆறு பக்கமும் எடுங்கள். முத்திரைகளைப் பக்க வெளிச்சத்தில் தனியாக எடுங்கள். எடை, காந்தம் ஒட்டுகிறதா, துளைகளின் விட்டம், ஒரு துளை நடுவிலிருந்து அடுத்த துளை நடு வரை உள்ள தூரம், மரையின் வகை ஆகியவற்றை எழுதுங்கள். துளை இடைவெளியை அங்குலத்திலும் கொடுங்கள்; பழைய வரைபடங்கள் அங்குலத்தில்தான் இருக்கின்றன, ஒப்பிடுகிறவர் அதை நேராக வைத்துப் பார்த்துவிடலாம். எழுத்துகளைப் பார்த்தபடி எழுதுங்கள். 5-ஆ எஸ்-ஆ என்று தெரியாத இடத்தில் இரண்டையும் எழுதுங்கள். உங்கள் ஊகத்தைக் கடைசியில் தனி வரியில் வையுங்கள். தலைப்பிலேயே "ஸ்பிட்ஃபயர் பாகம்" என்று போட்டுவிட்டால், படிக்கிறவரும் ஸ்பிட்ஃபயர் நூல்களைத்தான் முதலில் புரட்டுவார்.